சந்தைக் கழிப்பறையும் நூறு சதவீத மகிழ்ச்சியும்

மாநகராட்சி மாமன்றத்தில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அந்த நேரத்தில் மேயரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மேயரும் எதை வேண்டுமானாலும் பதிலாகச் சொல்லலாம். கேட்டதற்கும் சொன்னதற்கும் ஏதாவது உறவு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்த விவரம் தெரியாமல் சபைக்குள் நுழைந்துவிட்டவர்தான் எங்கள் வார்டு உறுப்பினர் தையலம்மா.

தையலம்மா என்பது நாங்கள் வைத்த பேர். சந்தைக்குப் பின்புறத் தெருவில் அவருடைய கடை. மெஷினைப் போட்டுவிட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. சட்டை, பாவாடை, ஜன்னல் திரை, எது கொண்டு போனாலும் தைத்துத் தருவார். ஆனால் கிழிந்த துணியைக் கொண்டு போனால், "இது எப்படிங்க இப்படிக் கிழிஞ்சுது?" என்று முழு வரலாற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஊசியைத் தொட மாட்டார். அதற்குப் பயந்தே எங்கள் வார்டில் பலர் புதுத் துணி வாங்கினார்கள்.

அப்படிப்பட்டவரை அரசியலுக்குள் தள்ளிவிட்டது அவருடைய அக்கா. இல்லை, சரியாகச் சொல்வதென்றால், அக்காவின் சிறுநீரகம்.

அக்கா சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்தார். விடிகாலையில் உட்கார்ந்தால் இருட்டுகிற நேரத்தில்தான் எழுந்திருப்பார். அவரைப் போலச் சந்தையில் ஏராளமான பெண்கள். அவர்களுக்காக மாநகராட்சி சந்தை வாசலிலேயே ஒரு கழிப்பறை கட்டியிருந்தது. குறை சொல்ல முடியாத கட்டடம். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் தரை, ஆள் உயரக் கண்ணாடி, வாசலுக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி. மேயர் வந்து ரிப்பன் வெட்டினார். உள்ளே போய்க் குழாயைத் திறப்பது போல நின்று படம் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஒரு பெரிய பூட்டு வந்து தொங்கியது. பூட்டுக்குத் துணையாக ஒரு காவலாளியும் வந்தார்.

பெண்களுக்குத் தெரிந்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடேயே விலை கூவுவார்கள். கடைசியில் ஒருநாள் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலோடு, தக்காளிக் கூடை மேலேயே சாய்ந்துவிட்டார். தையலம்மாதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு. நிறையத் தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கவே கூடாது."

"சரிங்கம்மா, குடிக்கிறேன். குடிச்சிட்டு எங்க போறது?" என்றார் அக்கா.

மருத்துவப் படிப்பில் இதற்கு விடை இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்த மாமன்றத் தேர்தலில் சந்தைப் பெண்கள் எல்லாரும் தையல் கடை வாசலில் வந்து நின்றார்கள். "நீ நில்லு. உனக்குத்தான் நல்லாக் கேள்வி கேக்க வருது. போய் அந்தப் பூட்டைப் பத்திக் கேளு" என்றார்கள். தையலம்மா சுயேச்சையாக நின்றார். மற்ற வேட்பாளர்கள் மேம்பாலம், பூங்கா, பறக்கும் ரயில் என்று அள்ளி விட்டார்கள். தையலம்மா கொடுத்தது ஒரே வாக்குறுதிதான். பூட்டைத் திறக்க வைப்பேன் என்றார். ஜெயித்துவிட்டார்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது மாமன்ற மண்டபத்தைப் பார்த்து அவருக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஜில்லென்ற குளிர். சுற்றுகிற நாற்காலி. பேசும்போது சிவப்பாக எரிகிற மைக். ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர். அதை எல்லாரும் கொஞ்சம்கூடப் பயமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பார்த்தார். கழிப்பறை என்று எழுதிய ஒரு கதவு. யார் வேண்டுமானாலும் போனார்கள், வந்தார்கள்.

மேயர் நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்போடுதான் முன்பு கட்டில், பீரோ விற்றுக்கொண்டிருந்தார். பதவிக்கு வந்த புதிதில் தலைமைப் பண்பை வளர்க்கும் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்தார். அந்தக் காலத்தில் அதுதான் மோஸ்தர். போகாதவர்களைத் தலைவர்களாக யாரும் மதிப்பதில்லை. அங்கே அவருக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது. உலகத்தில் பிரச்சினை என்று ஒன்று கிடையாது, எல்லாம் வாய்ப்புகளே. திரும்பி வந்ததும் "பிரச்சினை" என்ற சொல்லை மாமன்றத்தில் தடை செய்துவிட்டார். அன்று முதல் தெருவிளக்கு எரியாதது இருளில் நடக்கும் வாய்ப்பு ஆயிற்று. குழாயில் தண்ணீர் வராதது சிக்கனமாக வாழும் வாய்ப்பு. குப்பை அள்ளாமல் கிடப்பதற்கு மட்டும் இன்னும் பொருத்தமான வாய்ப்பு கிடைக்கவில்லை, ஆலோசகர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரம் தொடங்கியது. எதிர்க்கட்சித் தலைவரான முட்டைக்கடைக்காரர் முதலில் எழுந்து, பாதாளச் சாக்கடை பற்றிக் கேட்கப் போவதாக அறிவித்தார். கேட்காமலே உட்கார்ந்துவிட்டார். அடுத்து தையலம்மா.

"வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே, சந்தைக் கழிப்பறை ஏன் பூட்டியே கெடக்கு?"

மேயர் புன்னகைத்தார். "உறுப்பினர் ஒரு சிறிய தவறான புரிதலில் இருக்கிறார். கழிப்பறை பூட்டப்படவில்லை. பாதுகாக்கப்படுகிறது."

"யார்கிட்ட இருந்துங்க?"

"பயன்படுத்துபவர்களிடம் இருந்து."

இதற்கான விளக்கத்தை அளிக்க ஆணையர் எழுந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "மாநகராட்சி மேற்கொண்ட விரிவான ஆய்வின்படி, கழிப்பறைகள் அசுத்தமாவதற்குக் காரணம் ஒன்றுதான். மக்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பயன்பாடு நிறுத்தப்பட்ட இடங்களில் அசுத்தம் அடியோடு ஒழிந்துவிட்டது. தூய்மை நகரப் போட்டியில் நம் நகரம் முன்பெல்லாம் கீழே இருந்து தேடினால் உடனே அகப்படும் இடத்தில் இருந்தது. பூட்டிய பிறகு மேலே இருந்து தேடினாலும் அகப்படும் இடத்துக்கு வந்திருக்கிறது."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தையலம்மா விடவில்லை.

"துணைக் கேள்விங்க. அப்போ ஜனங்க கஷ்டப்படுறதுக்கு என்ன பதிலு?"

"கஷ்டப்படுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை" என்றார் ஆணையர். "கழிப்பறை வாசலில் மகிழ்ச்சி இயந்திரம் பொருத்தியிருக்கிறோம். சேவை திருப்தி என்றால் சிரிக்கும் பச்சை முகத்தை அழுத்தலாம். திருப்தி இல்லை என்றால் அழும் சிவப்பு முகத்தை அழுத்தலாம். இதுவரை ஒருவர்கூடச் சிவப்பை அழுத்தவில்லை. மகிழ்ச்சிக் குறியீடு நூறு சதவீதம்."

"அந்த மெஷினு கதவுக்கு உள்பக்கம் இருக்குங்களே!"

"உள்ளே இருப்பதால்தான் அதுவும் சுத்தமாக இருக்கிறது."

"அப்போ பச்சையை அழுத்துனது யாரு?"

ஆணையர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். "ரிப்பன் வெட்டிய அன்று மேயர் அழுத்தினார்" என்று சபைக்குத் தெரிவித்தார். மீண்டும் மேசைகள் தட்டப்பட்டன.

அப்போதுதான் தையலம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "ஐயா, பொம்பளைங்க விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் மூத்திரத்தை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் கூடப் பொறந்தவ அதனால ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா. இதுக்குப் பதில் சொல்லுங்க!"

மண்டபம் கொந்தளித்தது. சிறுநீரகம் கெட்டுப் போனதற்கு அல்ல, அந்தச் சொல்லுக்கு. "சபையின் மாண்பு என்னாவது?" என்று வக்கீல் உறுப்பினர் ஒருவர் மேசை மேல் ஏறாத குறையாகக் கத்தினார். முட்டைக்கடைக்காரர் சட்டென்று எழுந்து, "இதைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறோம்!" என்று தன் ஆட்களோடு வெளியேறினார். எதைக் கண்டித்து என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு ஒரு வெளிநடப்பு அவருக்கு வழக்கம். அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்து கேன்டீனில் டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்கள்.

மேயர் அந்தச் சொல்லை அவைக் குறிப்பில் இருந்து நீக்க உத்தரவிட்டார். நீக்கினால் அந்த இடத்தில் வேறு சொல் வேண்டுமே? விவாதம் தொடங்கியது. "சிறுநீர்" என்று போடலாம் என்றார் ஒருவர். மருத்துவமனை வாடை அடிக்கிறது என்று அது தள்ளப்பட்டது. "இயற்கை உபாதை" என்றார் இன்னொருவர். உபாதை என்பது பிரச்சினைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று ஆணையர் ஆட்சேபித்தார். மேயர் கண்ணை மூடி யோசித்து, பயிற்சி முகாமில் கற்றதை நினைவுக்குக் கொண்டுவந்து, "இயற்கை வாய்ப்பு" என்றார். சபை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. கேள்வி நேரம் முடிந்துவிட்டது.

சில வாரங்களில் அக்காவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, மருந்து ஏற்றினார்கள். "அலட்சியமா விட்டா சிறுநீரகமே வேலை செய்யாமப் போயிடும்" என்று டாக்டரம்மா தையலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அலட்சியம் செய்தது யார் என்று சொல்லவில்லை.

தையலம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் கேள்வி என்னடி ஆச்சு?" என்றார் அக்கா.

"பேரு வெச்சிருக்காங்க அக்கா."

"எதுக்கு?"

"நமக்கு வர்றதுக்கு. இனிமே அது இயற்கை வாய்ப்பாம்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வெக்காதடி, உயிர் போகுது. வாய்ப்பு வருது, வாய்ப்பு வருதுன்னு விழுந்தடிச்சு ஓடுனா கதவு பூட்டியிருக்கே!"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். தையலம்மா வெளியே வந்தார். படிக்கட்டு திருப்பத்தில் யாரும் இல்லாத இடம் பார்த்து நின்று, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்காவைத் தவிர அவருக்கு யாரும் இல்லை. மெஷின் வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

அடுத்த மாமன்றக் கூட்டம் ஓர் அவசரச் செய்தியோடு தொடங்கியது. மேயர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் தொய்ந்திருந்தது. தூய்மை நகரப் போட்டியின் நடுவர் குழு வரப்போகிறது. அது மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வருடம் புதிய விதி ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். கழிப்பறைகள் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாதாம். அவற்றை மக்கள் பயன்படுத்துவதையும் நேரில் பார்ப்பார்களாம்.

"இது நம் நகரத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல்!" என்றார் வக்கீல் உறுப்பினர்.

"வாய்ப்பு" என்று மேயர் பலவீனமாகத் திருத்தினார்.

ஆணையர் தீர்வோடு வந்திருந்தார். மாதிரிப் பயனர்களைத் தேர்ந்தெடுப்பது என்பது அவருடைய திட்டம். தோற்றப் பொலிவு உள்ளவர்களாக, சுத்தமான செருப்பு அணிந்தவர்களாக, இனிமையாகப் பேசுகிறவர்களாக இருக்க வேண்டும். நடுவர்கள் வரும்போது வரிசையாக உள்ளே போக வேண்டும், சிறிது நேரம் கண்ணாடி பார்க்க வேண்டும், பச்சை முகத்தை அழுத்திவிட்டுச் சிரித்தபடி வெளியே வர வேண்டும்.

"உள்ளே போய்ப் பயன்படுத்தலாமா?" என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் கேட்டார்.

"கூடவே கூடாது" என்றார் ஆணையர். "பயன்படுத்தாத பயனர்கள்தான் நமக்குத் தேவை."

நாடக நடிகர்களைக் கொண்டு வரலாமா, கல்லூரிப் பேராசிரியர்களின் குடும்பத்தாரைக் கேட்கலாமா என்று யோசனைகள் வந்தன. உறுப்பினர்கள் தத்தம் சொந்தக்காரர்களைச் சிபாரிசு செய்யத் தொடங்கினார்கள். முட்டைக்கடைக்காரர்கூடத் தன் மாமியாருக்கு இடம் கேட்டார். அந்த இரைச்சலில் தையலம்மா எழுந்து நின்றார்.

"ஆளுங்களை நான் கூட்டிட்டு வரேங்க. சந்தைப் பொம்பளைங்க இருக்காங்க. சொன்னா சொன்னபடி வரிசையில நிப்பாங்க."

மேயர் நம்ப முடியாமல் பார்த்தார். கேள்வியே கேட்காமல் தையலம்மா பேசியது அதுதான் முதல் தடவை. "இதைத்தான் ஆக்கபூர்வமான எதிர்ப்பு என்று பயிற்சியில் சொன்னார்கள்!" என்று பாராட்டினார். மேசைகள் தட்டப்பட்டன.

"ஒரே ஒரு விஷயங்க" என்றார் தையலம்மா. "வர்ற நடுவருங்க குழாயைத் திறந்து பார்த்துட்டா? உள்ள தண்ணி வருதுங்களா?"

ஆணையர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கூரையைப் பார்த்தார். கட்டடத்துக்கு இன்னும் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் சபைக்குத் தெரிந்தது. பூட்டியிருக்கும் கட்டடத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். போர்க்கால அடிப்படையில் தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். எங்கள் வார்டில் ஒரு வேலை அவ்வளவு வேகமாக நடந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. போரே நடக்கிறதோ என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

நடுவர்கள் வருகிற நாளுக்கு முன்பே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்துப் போயிருந்தார். "நானும் வரிசையில நிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். தையலம்மா சந்தைப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "செருப்பைக் கழுவிட்டு வாங்க. சிரிச்ச முகமா இருங்க. ஆணையர் என்ன சொல்றாரோ தலையாட்டுங்க. இன்னொண்ணு. அன்னிக்குக் காலையில இருந்து வேணுங்கிற மட்டும் தண்ணி குடிங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. பூட்டைக் கழற்றிக் காவலாளி பைக்குள் போட்டுக்கொண்டார். பூந்தொட்டிகளில் புதுச் செடி. மேயர், ஆணையர், உறுப்பினர்கள், புகைப்படக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் கழிப்பறை வாசலில் கூடியிருந்தார்கள். தலைமை நடுவரான அம்மா நரைத்த தலையும் ஓடுகிறவர்கள் போடுகிற காலணியுமாக வண்டியில் இருந்து இறங்கினார். வரிசை ஏற்கெனவே சந்தைக்குள் வளைந்து போயிருந்தது.

முதல் பெண் உள்ளே போனார். ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடி பார்க்கிற நேரம் முடிந்தது. பெண் வரவில்லை. அடுத்தடுத்த கதவுகளும் சாத்திக்கொண்டன. உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஆணையர் முகம் வெளுத்தது.

"இவங்க... இவங்க நிஜமாகவே..." என்று மேயர் காதில் தடுமாறினார்.

"சிரிங்க. படம் எடுக்கிறாங்க" என்றார் மேயர், பல்லைக் கடித்தபடி சிரித்துக்கொண்டே.

முதல் பெண் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்த புகைப்படக்காரர்கள் ஓடி வந்தார்கள். எந்த நடிகையாலும் அப்படி ஒரு நிம்மதியை முகத்தில் கொண்டுவர முடியாது. எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தவர்கள் விஷயம் தெரிந்து ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது.

தலைமை நடுவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரமாகவே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நேராக நடந்து போய், அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டார்.

மேயர் பதறிப் போய் ஓடினார். "அம்மா, நீங்க ஏன் இங்க? தனி வழி ஏற்பாடு பண்றோம்."

"அவங்க இங்கயே வரட்டும்" என்றார் அக்கா. "எல்லாருக்கும் ஒரே அவசரம்தான்." பின்னால் திரும்பி, "ரொம்ப நேரமா அடக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"காலையில இருந்து" என்றார் தலைமை நடுவர், தாழ்ந்த குரலில். "ஊர் ஊராப் போய்க் கழிப்பறைதான் பார்க்கிறேன். எல்லாம் அவ்வளவு சுத்தம். ஒண்ணுக்குள்ளகூட விட மாட்டேங்கிறாங்க."

"நீங்க முன்னாடி போங்கம்மா" என்று அக்கா தன் இடத்தைக் கொடுத்தார். தான் மருத்துவமனையில் கிடந்தவர் என்பதைச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைத் தையலம்மா மட்டும் பார்த்தார்.

தலைமை நடுவர் வெளியே வந்தபோது பச்சை முகத்தைத் தாமே அழுத்தினார். ஒரு முறை அழுத்தினால் போதும் என்று தெரியாதவரைப் போல மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் சூழ நின்ற மேயரிடம் கேட்டார்: "இது எல்லா நாளும் இப்படித் திறந்திருக்குமா, இன்னிக்கு மட்டும்தானா?"

மேயர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் பூந்தொட்டியைப் பார்த்தார். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் மேயரைப் பார்த்தார்கள். மைக்குகள் நீண்டன.

"என் உயிர் உள்ளவரை திறந்தே இருக்கும்" என்றார் மேயர்.

பெண்கள் கை தட்டினார்கள். வரிசையின் நடுவில் இருந்த சிலரால் கை தட்டி முடிக்கும்வரை நிற்க முடியவில்லை. தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டதால் மேயராலும் திரும்பப் பெற முடியவில்லை. இரண்டு துப்புரவுப் பணியாளர்களை நியமித்தார்கள். நாள்தோறும் காலையில் கதவு திறந்தது. அக்கா தண்ணீர் குடித்தார், உடம்பு தேறினார். டாக்டரம்மா தம் மாத்திரைக்குக் கிடைத்த வெற்றி என்று மகிழ்ந்தார்.

எங்கள் நகரத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையில் கோப்பையை வாங்கிய மேயர் கண் கலங்கிவிட்டார். மறுநாள் நகரம் முழுக்கச் சுவரொட்டி. "பெண்களின் வாய்ப்பை உணர்ந்தவர்!", "கதவைத் திறந்த கருணையே!" என்று மேயர் இரண்டு கைகளையும் அகல விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்த்துத் தீர்மானம் மாமன்றத்தில் வந்தபோது முட்டைக்கடைக்காரர் வழக்கம்போல வெளிநடப்பு செய்தார். டீ குடித்துவிட்டு, திரும்பி வரும்போது ஆளுங்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார். கதவு பக்கத்தில் இருந்ததால் வசதியாக இருந்ததாம்.

பதவிக்காலம் முடிந்து தேர்தல் வந்தது. தையலம்மா மறுபடியும் நின்றார். எதிரே மேயர் கட்சி சார்பில் ஓர் இளைஞர் நின்றார். அவர் எங்கள் வார்டுக்குள் முதல் தடவையாக வந்ததே பிரசாரத்துக்குத்தான். சந்தை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். தையலம்மா தோற்றார். கொஞ்ச நஞ்சமாக அல்ல, கட்டிய டெபாசிட்டே போகும் அளவுக்குத் தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் கடையைத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோவமா இருக்கியா?"

"இல்ல அக்கா. ஒரே ஒரு சந்தேகம்தான். சந்தையில எனக்கு ஓட்டே விழலையே, எப்படி?"

அக்கா பொய் சொல்கிற வழக்கம் இல்லாதவர். "நானே அந்தப் பையனுக்குத்தான்டி போட்டேன்" என்றார்.

தையலம்மாவின் கையில் இருந்த எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது. "நீயா?"

"ஏன், என்ன தப்பு? கதவைத் திறந்தது யாரு? மேயரு. நீ கேள்விதானே கேட்டே? கேள்வி நாங்க எல்லாரும்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம். செஞ்சவருக்குப் போடறதா, கேட்டவளுக்குப் போடறதா? நீயே நியாயத்தைச் சொல்லு."

"நான் கேக்கலேன்னா அவரு செஞ்சிருப்பாரா அக்கா?"

"செஞ்சிருக்க மாட்டாரு. அதுக்காகத்தான் போன தடவை உனக்குப் போட்டோம். இந்தத் தடவை அவருக்கு. கணக்குச் சரியாப் போச்சு." அக்கா அவர் தோளைத் தொட்டார். "எனக்கு உன் மேல பாசம் இல்லாமயா? அந்தப் பையன் வந்து, மேயரு ஆளு ஜெயிச்சாத்தான் வார்டுக்கு எல்லாம் தானா வரும், கேக்கவே வேண்டாம்னு சொன்னான். கேக்காமலே கிடைக்குதுன்னா எவ்வளவு நிம்மதி! நீயும் பாவம், அந்தக் குளிர்ல போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டாம் பாரு."

தையலம்மா தைக்க வேண்டிய துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். அக்கா எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணு செய். அடுத்த தடவை நீ அவங்க கட்சியில நில்லு. கண்ணை மூடிக்கிட்டு உனக்கே குத்துறோம். சந்தையே குத்தும்."

தையலம்மா சிரித்தார். மெஷின் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு நின்றது. துணியை அப்படியே விட்டுவிட்டு, தெருவில் இறங்கிவிட்ட அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, அங்க சேரணும்னா யாரைப் பார்க்கணும்?"